சாய்ஸில் விட்ட பாடம்

“சார், எனக்கு நாலாவது யூனிட் தெரியாது. நீங்க ஃபிசிக்ஸ் மேஜர்தான. எனக்குச் சொல்லிக் குடுங்க.”

தலைமையாசிரியர் ரங்கசாமி டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். கதவுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னாம்மா சொல்ற?”

“மின்காந்தத் தூண்டல் சார். பிளஸ் டூவுக்கு நடத்தணும். எனக்கே தெரியாது.”

இந்தத் ‘தெரியாது, சொல்லிக் குடுங்க’ என்பதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடக் கூடாது என்று பூவிழிக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். சொன்னது கல்பனா. பூவிழியோடு பி.எஸ்சி. படித்தவள்; இப்போது போளூரில் ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறாள். மலைப் பள்ளியில் தற்காலிக வேலைக்கு உத்தரவு வந்த அன்றைக்கே போன் போட்டு ஓதினாள். “நடத்தறது அப்புறம்டி. தெரிஞ்ச மாதிரி மூஞ்சிய வெச்சிக்க மொதல்ல. டீச்சருக்குத் தெரியாதுன்னு ஒரு தடவ வெளிய தெரிஞ்சிச்சி, அப்புறம் நீ கரெக்டா சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.” பூவிழியும் சரி சரி என்றாள். ஆனால் அந்த மூஞ்சி அவளுக்கு வரவில்லை. மனதில் பட்டதை மென்று முழுங்கத் தெரியாத வாய் அவளுக்கு. கல்லூரியில் அதற்கு மலைக்காரத் திமிர் என்று பேர் வைத்திருந்தார்கள்.

ரங்கசாமி சிரித்தார். டீயை ஒரு வாய் குடித்தார்.

“இவ்ளோதானா. நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன். அத சாய்ஸ்ல வுட்டுரு.”

“சார்?”

“சாய்ஸ்ல வுட்டுரும்மா. மத்த யூனிட்டுல இருந்தே பாஸ் மார்க் தாராளமா வரும். நம்ம புள்ளைங்களுக்கு அது போதும். இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வர்றியே.”

கேள்வித்தாளில் இத்தனை கேள்வி கொடுத்து, அதில் இத்தனைக்கு மட்டும் விடை எழுது என்று போட்டிருப்பார்கள். எதை எழுதப் போவதில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்து, அந்தப் பாடத்தைத் திறக்காமலேயே விட்டுவிடுவதுதான் சாய்ஸில் விடுவது. அடிவாரத்தில் அதைப் பிள்ளைகள் செய்வார்கள். மலையில் பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் வைப்பதில்லை. வாத்தியார்களே செய்துவிடுவார்கள்.

பூவிழிக்கும் அப்படித்தான் செய்தார்கள். அவள் பிளஸ் டூ முடித்தபோது இயற்பியல் புத்தகத்தில் மற்ற பக்கங்களெல்லாம் அழுக்கேறி மூலை மடிந்து கிடக்க, நடுவில் ஒரு கத்தை மட்டும் அச்சாபீஸிலிருந்து வந்த மேனிக்கே இருந்தது. பாஸானாள். நெல்லிவாசல்நாட்டில், கொட்டாய் என்று சொல்லும் அவளுடைய சின்னக் குடியிருப்பிலிருந்து டிகிரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். அங்கே மின்காந்தவியல் முதல் வகுப்பில் பேராசிரியர் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டே, “இதெல்லாம் பிளஸ் டூலயே நடத்தியிருப்பாங்க,” என்று ஒரு வரி சொன்னார். சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். சுற்றி இருந்த தலைகளெல்லாம் ஆமாம் என்று ஆடின. பூவிழியின் தலையும் ஆடியது. அதற்கப்புறம் மூன்று வருடமும் மனப்பாடம்தான். சூத்திரத்தில் மைனஸ் என்று இருந்தால் மைனஸ் போட்டாள். ஏன் மைனஸ் என்று கேட்டால் அடிப்பாள் போலிருக்கும், அவ்வளவு கோபம் அந்தக் குறிமேல்.

“சாய்ஸுன்னா எழுதற புள்ளைக்குத்தான சார் சாய்ஸு? நமக்கு ஏது?” என்றாள்.

“கேள்வியெல்லாம் நல்லாதான் கேக்கற. நெட்ல எல்லாம் கெடக்குதேம்மா. பாத்துக்க. இந்தக் காலத்துல யாரு யாருக்கு ஒக்காந்து சொல்லிக் குடுக்கறாங்க?”

அவருக்குத் தெரியும், ஆனால் தனக்காக அரைமணி நேரம் உட்கார மனமில்லை என்றுதான் பூவிழி நினைத்துக்கொண்டு வந்தாள். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது. திட்டிக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தார்.

பள்ளி இருந்த புதூர்நாட்டில் மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் அவள் வாடகைக்கு இருந்தாள். முன்னால் கடை, மேலே சிமெண்ட் ஷீட், பக்கத்தில் புளி உலுக்கிக் கொண்டுவந்து கொட்டும் ஒரு வாசல். சாயங்காலம் கடைசி ஜீப் போன பிறகு ஊர் சட்டென்று அடங்கிவிடும். உட்கார்ந்து பேச ஒருத்தரும் கிடையாது. கடைக்காரம்மா டீச்சர் என்ற மரியாதையில் தள்ளி நின்று பேசுவாள். கூட வேலை பார்ப்பவர்கள் நாலரை மணிக்கே ஆளுக்கொரு வண்டியில் மலை இறங்கிவிடுவார்கள். சோற்றை வடித்து வைத்துவிட்டுப் பூவிழி போனை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்வாள்.

‘மின்காந்தத் தூண்டல் எளிய தமிழில்’ என்று போட்டுத் தேடினாள். வந்து விழுந்தது. முதல் வீடியோவில் ஒரு சார் தொண்டை கிழியக் கத்தினார்: இது கன்ஃபார்மா வரும், அஞ்சு மார்க், அப்படியே எழுதிட்டு வந்துருங்க. அப்படியே எழுதுவதில் பூவிழிக்குக் குறையே இல்லை. அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டாவதில் ஒரு கோச்சிங் சென்டர் அண்ணன், அரை நிமிடத்தில் விடை கண்டுபிடிக்கும் வழி சொன்னார். மூன்றாவதில் ஒரு அக்கா பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். மைனஸ் குறி வந்ததும், “இது லென்ஸ் விதிப்படி,” என்று சொல்லித் தாண்டிக் குதித்துப் போய்விட்டாள். ஏன் என்று பூவிழி கீழே கமெண்டில் கேட்டாள். ‘நன்றி சகோ, மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணுங்க’ என்று பதில் வந்தது.

பிறகு ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் கிடைத்தார். கையில் காந்தத்தை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் பொம்மையைக் காட்டுவதுபோல ஆசையாகப் பேசினார். இங்கிலீஷ் வேகம் பிடிபடவில்லை. தமிழ் எழுத்து கீழே ஓடட்டும் என்று தட்டிவிட்டாள். ஓடியது. ‘இரண்டு கட்டணங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன.’ ‘தற்போதையது கம்பி வழியாகப் பாய்கிறது.’ ‘காந்தத்தைச் சுற்றி ஒரு வயல் உள்ளது.’

சார்ஜைக் கட்டணமாக்கி, கரண்ட்டைத் தற்போதையதாக்கி, ஃபீல்டை வயலாக்கியிருந்தது மெஷின். பூவிழி வாய்விட்டுச் சிரித்தாள். காந்தத்தைச் சுற்றி வயல். யார் நாற்று நட்டது? இந்த மலையில் வயலுக்கு எங்கே போவது, இருப்பதெல்லாம் சாமை விதைக்கிற கொல்லைதான். காந்தக் கொல்லை என்றாவது போட்டிருக்கலாம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கல்பனாவைக் கூப்பிட்டாள், அவள் எடுக்கவில்லை. சிரிப்பு தானாக அடங்கியது. தனியாகச் சிரித்து, தனியாக அடங்குவது நன்றாக இல்லை.

ஆனால் அந்த வார்த்தை மட்டும் போகவில்லை. வயல். இங்கிலீஷில் வயலுக்கும் புலத்துக்கும் ஒரே சொல்தானே. அகராதியைத் தேடிப் பார்த்தாள். புலம் என்றால் வயல், நிலம் என்று போட்டிருந்தது. மின்புலம், காந்தப்புலம் என்று வருஷக்கணக்காக எழுதியிருக்கிறாள். அது ஒரு நிலம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. கொல்லையில் எந்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாலும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது அந்தந்த இடத்திலேயே இருக்கிறது. தண்ணீரே ஊற்றாவிட்டாலும் சரிவு இருக்கிறது. காந்தத்தைச் சுற்றியும் அப்படியா? கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு? அவள் எழுந்து அறையில் இப்படியும் அப்படியும் நடந்தாள். உடம்பு சுட்டது. இவ்வளவுதானா, இதைச் சொல்லவா ஒரு ஆள் இல்லாமல் போனது என்று இருந்தது.

அம்மா போன் செய்தாள். அம்மாவும் அப்பாவும் குடகில் காப்பி பறிக்கப் போயிருந்தார்கள்.

“சாப்ட்டியா?”

“சோறு ஆக்கிட்டேன். படிச்சிக்கினு இருக்கேன்மா.”

“இன்னும் இன்னாத்த படிக்கற? அதான் டீச்சராயிட்டியே.”

“டீச்சரானா படிக்கக் கூடாதா?”

“கண்ணு கெட்டுரும்டி. இங்க எஸ்டேட் மேஸ்திரி பொண்ணு பாரு, ஒண்ணும் படிக்கல, கண்ணு மாங்கா பிஞ்சாட்டம் இருக்குது.” கொஞ்சம் நின்று, “பொங்கலுக்கு வூட்டுக்குப் போவியா? நாங்க வர்றதுக்கு இல்ல,” என்றாள்.

“ஆளில்லாத வூட்டுக்குப் போயி நான் இன்னா பண்றது?”

“பூட்டு தொறந்து வாசல் கூட்டிட்டாவது வா.”

அடுத்த சில நாள் இப்படியே போயிற்று. ஏதோ ஒரு பல்கலைக்கழகம் சும்மா போட்டு வைத்திருந்த ஒரு பக்கம் அவளுக்கு மாட்டியது. திரையில் ஒரு கம்பிச்சுருள், ஒரு பல்பு, ஒரு காந்தம். காந்தத்தை விரலால் இழுத்துச் சுருளுக்குள் விட்டால் பல்பு எரிந்தது. உள்ளேயே நிறுத்தினால் அணைந்தது. அவள் விரலை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காந்தம் உள்ளே சும்மா கிடக்கிறது. எவ்வளவு பெரிய காந்தமானாலும் கிடந்தால் ஒன்றுமில்லை. நகர்ந்தால்தான் மின்சாரம். மாறினால்தான். இந்த விதியை வார்த்தை பிசகாமல் எழுதி முதல் வகுப்பு மார்க் வாங்கியவள் அவள். நின்றால் பல்பு அணைந்துவிடும் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

மைனஸ் மட்டும் இன்னும் நின்றது. காந்தத்தை உள்ளே கொண்டுபோனால் சுருள் அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. சரி. வெளியே எடுத்தால் போகவிடாமல் இழுக்கப் பார்க்கிறது. வந்தால் தள்ளவும் போனால் இழுக்கவும் அந்தக் கம்பிக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

மாவட்ட இயற்பியல் ஆசிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. காலை வணக்கம், பூ, பிறந்தநாள் கேக், மேலிருந்து வரும் சுற்றறிக்கை, அதற்குக் கும்பிட்ட கைகள். பூவிழி அதில் எழுதினாள்: ‘வணக்கம். லென்ஸ் விதியில் மைனஸ் ஏன் வருகிறது? எனக்குப் புரியவில்லை. யாராவது சொல்லிக் கொடுங்கள்.’

இரண்டு நீலக் கோடு விழுந்தது. படித்தவர் பட்டியல் நீண்டுகொண்டே போனது. பதில் இல்லை. காலையில் யாரோ ஒரு ரோஜாப் பூவைப் போட்டார்கள். அதன் கீழே ஆளுக்கொரு கும்பிடு. அவள் கேள்வி மேலே போய் மறைந்தது.

மதியம் தனியாக ஒரு செய்தி வந்தது. முகம் தெரியாத ஒரு டீச்சர். ‘மேடம், பதில் கெடச்சா எனக்கும் அனுப்புங்க. குரூப்ல போட வேணாம்.’ கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ‘நானும் அத சாய்ஸ்லதான் விடறேன் சிஸ்டர். உங்க தைரியம் எனக்கு இல்ல.’ சாயங்காலத்துக்குள் இன்னும் சிலர். எல்லாரும் தனித்தனியாக, ஒருத்தருக்கு இன்னொருத்தர் கேட்டது தெரியாமல், அதே ரகசியக் குரலில். சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஒருத்தரும் வரவில்லை.

ஆத்திரமாக வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மலையெங்கும் அங்கங்கே ஒற்றை விளக்கு எரிவதுபோலத் தெரிந்தது. எந்த விளக்கிலிருந்தும் எந்த விளக்குக்கும் வழி கிடையாது.

பதிலை அவளே கண்டாள். படமில்லை, பாட்டில்லை; எந்தத் தேசத்து வாத்தியாரோ தன் மாணவர்களுக்காகத் தட்டச்சு செய்து போட்டு, மறந்தும் போயிருக்கக்கூடிய ஒரு பக்கம். இங்கிலீஷ்தான். ஆனால் எழுத்து ஓடாது, அவள் படித்து முடிக்கும்வரை நிற்கும். அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். அவர் கேட்டிருந்தார்: சரி, மைனஸ் வேண்டாம், பிளஸ் என்றே வைத்துக்கொள்வோம்; என்ன ஆகும்? காந்தத்தை லேசாக உள்ளே தள்ளுகிறாய். சுருள் எதிர்க்காமல் அதைத் தானே உள்ளே இழுக்கிறது. இழுத்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் மின்சாரம் கூடும். மின்சாரம் கூடினால் இன்னும் இழுக்கும். ஒரு தட்டு தட்டிவிட்டு நீ போய்விடலாம், ஊருக்கே விளக்கெரியும், யாரும் பாடுபட வேண்டாம். உலகம் அப்படி இல்லை. தள்ளுகிற கை நோக வேண்டும். அந்த நோவுதான் வெளிச்சமாக வருகிறது. மைனஸ் அதற்குத்தான்.

பூவிழி அந்த இடத்தை மறுபடி மறுபடி படித்தாள். பிறகு போனில் குரலைப் பதிவு செய்தாள். இலக்கணத் தமிழெல்லாம் இல்லை. கொட்டாயில் பேசுகிற பேச்சில், “இத பாருங்க, ஓசில ஒண்ணும் வராது, அதான் மேட்டரு,” என்று ஆரம்பித்துக் காந்தம், கொல்லை, சரிவு எல்லாம் சொல்லி, தனியாகக் கேட்டவர்களுக்குத் தனியாகவே அனுப்பினாள். ஒருத்தர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மற்றவர்கள் கேட்டார்களா என்று தெரியவில்லை.

மறுநாள் பிளஸ் டூ வகுப்பில் மூன்றாவது அலகு முடிந்தது. போர்டை அழிப்பதற்குள் முன் பெஞ்சு அபிநயா புத்தகத்தை ஒரு கத்தையாகப் புரட்டி ஐந்தாவது அலகில் நின்றாள். எல்லாப் பிள்ளைகளும் அதே மாதிரி புரட்டினார்கள்.

“நாலு எங்க போச்சி?” என்றாள் பூவிழி.

“நாலு நமக்குக் கெடையாது டீச்சர்,” என்றாள் அபிநயா, டீச்சர் இதுகூடத் தெரியாமல் இருக்கிறாளே என்ற முகத்தோடு. “போன வருசம் அக்காங்க சொன்னாங்க. அதுக்கு முன்ன இருந்த அக்காங்களுக்கும் கெடையாதாம்.”

பூவிழி போர்டை அழித்து முடித்தாள். மணி அடித்ததும் தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

ரங்கசாமி இந்தத் தடவை டீ குடித்துக்கொண்டிருக்கவில்லை. போன் மேசைமேல் கிடந்தது. அதில் அவள் கேள்வி.

“மேல இருக்கறவங்க எல்லாம் இருக்கற குரூப்பும்மா இது. ‘பாடம் தெரியாத ஆள எங்க புடிச்சீங்க’ன்னு என்னக் கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?”

“தெரியாதுன்னுதான் சார் கேட்டேன். தெரிஞ்சா ஏன் கேக்கறேன்?”

“வாய் பேசாத. ஒனக்கு மின்ன இங்க ஃபிசிக்ஸுக்கு ஆளே இல்ல. புள்ளைங்க அது பாட்டுக்கு ஒக்காந்திருந்துச்சிங்க. ஒரு பொண்ணு ஃபெயிலாச்சின்னா இன்னா ஆவும்னு ஒனக்கு நான் சொல்லணுமா? அடுத்த மாசமே எஸ்டேட்டுக்கு ஜீப் ஏத்திடுவாங்க, இல்ல எவன் தலையிலயாவது கட்டிடுவாங்க. நான் எத்தனையப் பாத்திருக்கேன். பாஸாச்சின்னா நர்சிங்காவது போவும். நீ காந்தத்த நடத்தி அதுங்கள கொழப்பி வுட்டுட்டு, நாளைக்கு யாருக்குப் பதில் சொல்லுவ?”

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஜீப் ஏறியவர்களைப் பூவிழிக்கும் தெரியும். அவள் கூடப் படித்தவர்கள்தான்.

“நானும் பாஸாயிதான் சார் போனேன்,” என்றாள். “போன எடத்துல இதெல்லாம் பிளஸ் டூலயே நடத்தியிருப்பாங்கன்னாரு. தலைய ஆட்டிக்கினு வந்தேன். இங்க வந்து மறுபடி சாய்ஸ்ல வுடுன்றீங்க. நீங்க அன்னிக்கு அரமணி நேரம் ஒக்காந்து சொல்லிக் குடுத்திருந்தா நான் ஏன் குரூப்புல போயி கேக்கறேன்?”

ரங்கசாமி போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். சன்னல் பக்கம் பார்த்தார். வெளியே சமையல்கட்டில் அரிசி களையும் சத்தம்.

“தெரிஞ்சா சொல்லிக் குடுத்திருக்க மாட்டனா?” என்றார்.

பூவிழிக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

“நானும் அத சாய்ஸ்ல வுட்டுப் படிச்சி வந்தவன்தான். அந்த யூனிட்ட நான் நடத்தனதே கெடையாது. எச்செம் ஆவற வரைக்கும். ஒருத்தரும் கேக்கல. ஒரு கொறையும் வரல,” என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்பு என்பதுபோல உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “இப்ப அது இல்ல பேச்சு. திங்கக்கெழம அஞ்சாவது யூனிட் ஆரம்பம். நாலாவது இல்லாம டைம்டேபிள் போட்டிருக்கேன். இல்ல, நான் நடத்தியே தீருவேன்னா, ரிசல்ட்டுல ஒரே ஒரு புள்ள கொறைஞ்சாலும் அடுத்த வருசத்துக்கு ஒன் பேர நான் எழுத மாட்டேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காத. இன்னா பண்ற, சொல்லு.”

இத்தனை நாள் மனதுக்குள் அவரை வைத்துத் திட்டிய வசவெல்லாம் பூவிழிக்கு ஞாபகம் வந்தது. தெரிந்தும் சொல்லாத மனிதர் என்று நினைத்திருந்தாள். அவள் திட்டிய அந்த ஆள் இந்த அறையில் இருந்ததே இல்லை. இங்கே இருப்பவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெரிய மனிதர். அவருக்கும் பல்பு ஏன் அணைகிறது என்று தெரியாது. இனி கேட்பதற்கு இந்த மலையில் அவளுக்கு ஒருத்தரும் மிச்சமில்லை.

“புரிஞ்சிச்சா?” என்றார் ரங்கசாமி.

“வேலை போனா போவட்டும் சார்.”

“இன்னாது?”

“பிளஸ் டூவுக்கு அடுத்த பீரியட் பி.டி. சார் லீவு. நான் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன். புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்.”

“பூவிழி. நல்லா யோசிச்சி சொல்லிட்டுப் போம்மா.”

அவள் ஏற்கெனவே வாசலில் இருந்தாள். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்தாரா, அல்லது உட்கார்ந்தாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வராந்தாவைத் தாண்டி ஆய்வகத்துக்குப் போய், பூட்டைத் திறந்து, யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்த கம்பிச்சுருளை மேல் அலமாரியிலிருந்து இறக்கினாள். துப்பட்டாவால் துடைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் இறங்கி நடந்தாள்.